பழைய பேஸ்பால் கோப்பைகள், பந்துகள், மோதிரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூஜெர்சிக்கு வந்த புதிதில் எனக்கு பேஸ்பால் பிடிபடவில்லை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு, அடித்தவுடன் மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுவதே வேடிக்கையாக இருந்தது. ஆட்டம் புரிவதற்கு முன்பே அதன் பழைய சாமான்கள் பிடித்துப்போயின. ஒரு வீட்டில் பழைய பொருள்களை வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். பத்து டாலர் கொடுத்துக் கருத்துப்போன கோப்பை ஒன்றை வாங்கினேன். அதில் ஆரம்பித்த பழக்கம் இது. அன்றிலிருந்து நண்பர்களும் உறவுக்காரப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பேஸ்பாலில் முதன்முதலில் என்ன கோப்பை கொடுத்தார்கள்?

பந்தைத்தான் கொடுத்தார்கள். 1850களிலும் 60களிலும் நியூயார்க், புரூக்ளின் பக்கத்துக் கிளப்புகள் மோதும்போது ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணி அந்தப் பந்தை ஜெயித்த அணியிடம் ஒப்படைக்க வேண்டும். ஜெயித்தவர்கள் அதற்கு வண்ணம் பூசி, தேதி, எதிரணியின் பெயர், ஸ்கோர் எல்லாம் எழுதி, கிளப் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் அடுக்கி வைப்பார்கள். சேகரிப்பவர்கள் இதை 'டிராஃபி பால்' என்பார்கள். அந்தக் காலப் பந்து இன்றைய பந்து மாதிரி இருக்காது. ஒரே தோல் துண்டை நாலு இதழாக வெட்டி மடக்கித் தைத்திருப்பார்கள். எலுமிச்சம்பழத்தை நாலாகக் கீறியது போலத் தையல் ஓடும். அதனால் அதற்கு 'எலுமிச்சைத் தோல்' பந்து என்றே பெயர்.

1861 அக்டோபரில் 'நியூயார்க் கிளிப்பர்' என்ற பத்திரிகை வெள்ளியிலேயே ஒரு பந்து செய்து பரிசாக வைத்தது. புரூக்ளின் வீரர்கள் ஒரு பக்கம், நியூயார்க் வீரர்கள் மறுபக்கம். இடம் ஹட்சன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் உள்ள ஹோபோக்கன். 1846இல் நிக்கர்பாக்கர் கிளப் 23-1 என்று தோற்ற புகழ்பெற்ற ஆட்டம் நடந்ததும் அதே ஊரில்தான். வெள்ளிப் பந்தை புரூக்ளின் தட்டிக்கொண்டு போனது.

உலகத் தொடர் கோப்பை பழையது ஒன்று கிடைத்தால் வாங்கலாமா?

1967க்கு முந்தைய 'உலகத் தொடர் கோப்பை' என்று யாராவது காட்டினால் நடையைக் கட்டுங்கள். உலகத் தொடர், அதாவது அமெரிக்கப் பெரிய லீகின் ஆண்டு இறுதிச் சாம்பியன் தொடர், 1903இல் ஆரம்பித்தது, ஆனால் அதற்கென்று அதிகாரபூர்வமான கோப்பை முதன்முதலில் கொடுக்கப்பட்டது 1967இல், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு. அதுவரை மைதானத்தில் ஏற்றும் வெற்றிக் கொடிதான் பெருமை. இப்போதைய கோப்பையை டிஃபனி நிறுவனம் செய்கிறது. 24 அங்குல உயரம், கிட்டத்தட்ட 30 பவுண்டு எடை, சுற்றிலும் 30 அணிகளுக்கு 30 முலாம் பூசிய கொடிகள். ஒரே பொருள் ஆண்டுக்காண்டு கைமாறுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் செய்கிறார்கள், ஜெயித்த அணி அதை வைத்துக்கொள்கிறது. ஆகவே அசல் சந்தைக்கு வருவது அபூர்வம்.

அப்படியானால் 1967க்கு முன் கோப்பையே கிடையாதா?

இருந்தன. எனக்கு இந்தத் துறையில் மிகவும் சுவையான பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

1887இல் ஹெலன் டாவ்ரே என்ற நாடக நடிகை தன் பெயரில் ஒரு வெள்ளிக் கோப்பை அறிவித்தார். அப்போது நேஷனல் லீக், அமெரிக்கன் அசோசியேஷன் என்ற இரண்டு அமைப்புகளின் சாம்பியன்களும் ஆண்டு இறுதியில் மோதிக்கொள்வார்கள். அதில் ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை, ஜெயித்த அணி வீரர்களுக்குத் தங்கப் பதக்கம். முதல் ஆண்டு டெட்ராய்ட் வாங்கியது, அடுத்த இரண்டு ஆண்டும் நியூயார்க் ஜயன்ட்ஸ். நடிகைக்கு ஏன் பேஸ்பால் மேல் இத்தனை ஆசை என்று ஊர் பேசியது. 1887 அக்டோபரிலேயே ஜயன்ட்ஸ் வீரர் ஜான் மான்ட்கோமரி வார்டை அவர் மணந்துகொண்டபோது பதில் கிடைத்துவிட்டது. கோப்பை 1893 வரை புழக்கத்தில் இருந்தது. அப்புறம் காணாமல் போனது. இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. பதக்கங்கள் மட்டும் ஒன்றிரண்டு எப்போதாவது ஏலத்துக்கு வரும்.

அடுத்தது டெம்பிள் கோப்பை. பிட்ஸ்பர்க் அணி 1893இல் இரண்டாம் இடம் பிடித்தது. அந்த அணியில் பங்கு வைத்திருந்த வில்லியம் டெம்பிளுக்கு, இரண்டாம் இடத்துக்காரனுக்கும் ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும் என்று பட்டது. சுமார் 800 டாலர் செலவில் ஒரு பெரிய வெள்ளிக் கோப்பையைச் செய்யக் கொடுத்தார். 1894 முதல் 1897 வரை நேஷனல் லீகின் முதல் இரண்டு அணிகளும் ஏழு ஆட்டத் தொடரில் அதற்காக மோதின. நான்கில் மூன்று முறை ஜெயித்தது இரண்டாம் இடத்து அணி! டெம்பிள் நினைத்தது சரிதான் போலிருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் வேறொன்றும் நடந்தது. வசூலில் ஜெயித்தவருக்கு 65, தோற்றவருக்கு 35 என்று அவர் விதி வைத்திருந்தார். முதல் தொடரிலேயே வீரர்கள் ஆளுக்குப் பாதி என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். எப்படியும் பாதி வந்துவிடும் என்றால் யார் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்? ரசிகர்களுக்கும் அது தெரிந்துபோய் கூட்டம் குறைந்தது. நாலே ஆண்டில் கோப்பை டெம்பிளிடமே திரும்பி வந்தது. இப்போது நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில், பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே இடத்தில் இன்னொரு கோப்பையும் உண்டு. 1900இல் பிட்ஸ்பர்க் 'கிரானிக்கிள் டெலிகிராஃப்' பத்திரிகை கொடுத்தது. புரூக்ளின் 3-1 என்று ஜெயித்தது. வீரர்கள் கூடிப் பேசி, அந்தக் கோப்பையைத் தங்கள் பந்துவீச்சாளர் ஜோ மெக்கின்னிட்டியிடமே கொடுத்துவிட்டார்கள். கோப்பை என்பது அணியின் சொத்து என்ற எண்ணமே அப்போது உறுதிப்படவில்லை. பழைய கோப்பைகள் வீரர்களின் வீட்டுப் பரண்களில் போய்ச் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

டாவ்ரே கோப்பை என் கையில் அகப்பட்டால்?

முதலில் எனக்கு ஒரு போன் போடுங்கள்.

சாம்பியன் மோதிரங்களைப் பற்றிச் சொல்லுங்கள். அவை விற்பனைக்கு வருமா?

வரும். ஜெயித்த அணியின் வீரர்களுக்கு மோதிரம் கொடுத்தது முதலில் 1922இல், நியூயார்க் ஜயன்ட்ஸ். அதற்கு முன்னும், பின்னர் சில ஆண்டுகளும் சட்டையில் குத்தும் ஊசி, கடிகாரச் சங்கிலியில் தொங்கும் பதக்கம், சில சமயம் பாக்கெட் கடிகாரமே கொடுத்திருக்கிறார்கள். 1923இல் நியூயார்க் யாங்கீஸ் வீரர்கள் வாங்கியது கடிகாரம்தான்.

மோதிரத்தில் ஒரு சிக்கல் உண்டு. வீரருக்குக் கொடுத்தது, அலுவலக ஊழியருக்குக் கொடுத்தது, நகைக் கம்பெனிக்காரர் ஆர்டர் பிடிக்கக் காட்டிய மாதிரி என்று ஒரே வடிவத்தில் மூன்று தரம் இருக்கும். மாதிரி மோதிரத்தில் கல் பெரும்பாலும் போலி, உலோகமும் மட்டம். விற்பவர் 'அசல்' என்று சொன்னால் எந்த வகை அசல் என்று கேளுங்கள். வெறுமனே 'அசல்' என்பது பொய் சொன்னதாகவும் ஆகாது, உண்மை சொன்னதாகவும் ஆகாது.

திருட்டுப் பொருள்கள் அதிகமா?

கவலைப்படும் அளவுக்கு உண்டு. யாங்கீஸ் அணியின் விக்கெட் கீப்பர் என்று நம் பாஷையில் சொல்லக்கூடிய யோகி பெர்ரா, வீரராகப் பத்து உலகத் தொடர்களை ஜெயித்தவர். எங்கள் நியூஜெர்சியிலேயே அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. 2014 அக்டோபரில் திருடர்கள் அதற்குள் புகுந்து அவருடைய உலகத் தொடர் மோதிரங்களையும் சிறந்த வீரர் பட்டயங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பெர்ரா அப்போது உயிரோடுதான் இருந்தார், அடுத்த ஆண்டு இறந்தார். 2016இல் வட டகோட்டாவின் ஃபார்கோவில் இருக்கும், இன்னொரு யாங்கீஸ் வீரரான ரோஜர் மாரிஸின் அருங்காட்சியகத்திலும் கைவரிசை. கடைசியில் 2023 ஜூனில் பென்சில்வேனியாவில் ஒன்பது பேர் மீது வழக்குப் பதிவானது. குற்றப்பத்திரிகையைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. மோதிரங்களையும் கோப்பைகளையும் உருக்கிக் கட்டியாக்கி, உலோக விலைக்கு விற்றுவிட்டார்கள் என்று அதில் இருந்தது. சேகரிப்பவரிடம் விற்றால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். ஏலத்தில் பல லட்சம் டாலர் போகக்கூடிய பொருள், பழைய தங்கம் எடைக்கு எடை என்று போயிற்று. நம் ஊர் சிலைத் திருட்டாவது வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் முழுசாகக் கிடைக்கிறது. இது ஒரேயடியாகப் போய்விட்டது.

ஆகவே பெரிய விலைப் பொருள் வாங்கும்போது, அது முன்பு யாரிடம் இருந்தது, எப்போது கைமாறியது என்று வரிசையாகக் கேளுங்கள். நடுவில் ஒரு இருபது வருடம் விட்டுப்போயிருந்தால் பதில் வரும்வரை பையைத் திறக்காதீர்கள்.

இதெல்லாம் கோடீஸ்வரர்கள் விஷயம். சாதாரண சம்பளக்காரர் எதைச் சேகரிக்கலாம்?

ஊர்க் கோப்பைகளை. 1900 முதல் 1950 வரை அமெரிக்காவில் ஊருக்கு ஊர் பேஸ்பால் அணி இருந்தது. பஞ்சாலைக்கு ஒரு அணி, நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஒரு அணி, தேவாலயங்களுக்கு ஒரு லீக். ஒவ்வொன்றுக்கும் உள்ளூர் நகைக்கடைக்காரரோ மதுபானக் கம்பெனியோ ஒரு கோப்பை கொடுத்தது. ஆலையும் மூடிவிட்டது, ஆடியவர்களும் போய்விட்டார்கள், கோப்பை மட்டும் பழைய சாமான் கடையில் தூசி படிந்து நிற்கிறது. சில நூறு டாலருக்குள், பல சமயம் நூறுக்கும் கீழே கிடைக்கும். போலி செய்வதற்கு யாரும் மெனக்கெடாத விலை என்பது இதில் பெரிய நிம்மதி.

அந்தக் கோப்பையில் பொறித்திருக்கும் ஊரையும் ஆண்டையும் வைத்துப் பழைய செய்தித்தாள்களைத் தேடினால் ஆட்டத்தின் ஸ்கோர், வீரர்களின் பெயர் எல்லாம் வந்துவிடும். எனக்கு இந்தத் தேடல்தான் சேகரிப்பில் பாதிச் சுகம். கோப்பை வெறும் சாக்கு என்றுகூடச் சொல்லலாம்.

நீக்ரோ லீக் சம்பந்தப்பட்டவை வேறு கதை. கறுப்பின வீரர்களைப் பெரிய லீகில் சேர்க்காத காலத்தில், 1920இல் ரூப் ஃபாஸ்டர் தொடங்கிய லீகும் அதன் பின் வந்தவையும் அவை. பணமில்லாத அணிகள், ஊர் ஊராகப் பஸ்ஸில் போய் ஆடியவர்கள். அவர்களின் ஜெர்சி, டிக்கெட், சுவரொட்டி எதுவும் அதிகம் மிஞ்சவில்லை. அதனால் விலையும் அதிகம், போலியும் அதிகம். வாங்குவதற்கு முன் கான்சாஸ் சிட்டியில் இருக்கும் நீக்ரோ லீக் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் அசல் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

கோப்பை அசல் வெள்ளியா, முலாமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கவிழ்த்துப் பாருங்கள். அமெரிக்க வெள்ளி என்றால் அடியில் 'ஸ்டெர்லிங்' என்றோ 925 என்றோ இருக்கும். கோர்ஹாம் கம்பெனி என்றால் சிங்கம், நங்கூரம், ஆங்கில ஜி எழுத்து ஆகிய மூன்றும் வரிசையாக. 'குவாட்ருப்பிள் பிளேட்' என்று இருந்தால் முலாம். நாலு மடங்கு வெள்ளி என்று விற்பவர் அளப்பார், நம்பாதீர்கள். மலிவான வெள்ளை உலோகத்தின் மேல் கனமாகப் பூசியது என்றுதான் அர்த்தம். மெரிடன் பிரிட்டானியா, ரீட் அண்ட் பார்ட்டன் போன்ற கம்பெனிகள் இப்படி ஆயிரக்கணக்கில் செய்து தள்ளின. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோப்பைகளில் முலாம் பூசியவை ஏராளம். அதில் குறை ஒன்றும் இல்லை.

வெள்ளியைவிட எழுத்தைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் கையால் செதுக்கினார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து ஓடும், பள்ளத்துக்குள் நூறு வருட அழுக்கு இருக்கும். எழுத்து எல்லாம் ஒரே ஆழம், உள்ளே பளபளப்பு என்றால், வெற்றுப் பழங்கோப்பையை வாங்கி யாரோ நேற்று பேஸ்பால் கோப்பை ஆக்கியிருக்கிறார்கள். குதிரைப் பந்தயக் கோப்பையும் சீட்டாட்டக் கோப்பையும் மலிவு. பேஸ்பால் என்று எழுதியவுடன் விலை ஏறிவிடும், அதுதான் காரணம்.

கருத்துப்போனதைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

கூடாது! அந்தப் பத்து டாலர் கோப்பைக்கு நடந்ததைச் சொல்கிறேன். அம்மா ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருந்தார். சாமி ரூம் விளக்குகளை வெள்ளிக்கிழமை விபூதி போட்டுத் தேய்த்தவர், அலமாரியில் கரிக்கட்டை மாதிரி நின்ற கோப்பையையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார். நான் ஆபீஸிலிருந்து வந்தபோது பளபளவென்று இருந்தது. இரண்டு கைப்பிடியிலும் முலாம் போய் மஞ்சள் உலோகம் தெரிந்தது. 'இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு' என்றார். என்ன சொல்ல?

கருப்பு என்பது வெள்ளியின் மேற்பரப்பில் கந்தகம் சேர்வதால் வருவது. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கொஞ்சம் வெள்ளி போகும், பொறித்த எழுத்தின் கூர்மையும் போகும். முலாம் என்றால் சீக்கிரமே அடி தெரிந்துவிடும். மெல்லிய பருத்தித் துணியால் தூசி மட்டும் தட்டுங்கள். ரப்பர் பேண்ட், கம்பளித் துணி இரண்டையும் கிட்டவே வைக்காதீர்கள், அவற்றிலும் கந்தகம் உண்டு.

யாங்கீஸின் பழைய நட்சத்திரம் பேப் ரூத் கையெழுத்துப் போட்ட பந்து ஒன்று விலைக்கு வருகிறது. அசலா என்று பார்ப்பது எப்படி?

கையெழுத்தைப் பார்ப்பதற்கு முன் பந்தைப் பாருங்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். அதிகாரபூர்வமான லீக் பந்துகளில் அந்தந்தக் காலத்து லீக் தலைவரின் பெயர் அச்சாகியிருக்கும். பெரிய லீகின் இரண்டு பிரிவுகளில், அமெரிக்கன் லீக் என்றால் 1927 வரை பான் ஜான்சன், பிறகு 1931 வரை எர்னஸ்ட் பர்னார்ட், அங்கிருந்து 1959 வரை வில் ஹாரிட்ஜ், அப்புறம் ஜோ குரோனின். நேஷனல் லீகில் 1918 முதல் 1934 வரை ஜான் ஹெய்ட்லர், 1951 வரை ஃபோர்ட் ஃபிரிக், பிறகு வாரன் ஜைல்ஸ். ரூத் இறந்தது 1948 ஆகஸ்ட் 16. குரோனின் பெயரோ ஜைல்ஸ் பெயரோ இருக்கும் பந்தில் ரூத் கையெழுத்து இருந்தால் அவர் ஆவியாக வந்துதான் போட்டிருக்க வேண்டும். இப்படிப்பட்ட பந்துகள் நிஜமாகவே விற்பனைக்கு வருகின்றன.

அடுத்தது மை. பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது 1945 கடைசியில். ஷார்ப்பி என்ற மார்க்கர் பேனா 1964இல். ரூத்தோடு யாங்கீஸில் ஆடிய லூ கெரிக் 1941இல் காலமானார், ஆகவே பால்பாயிண்டில் கெரிக் என்றால் வேலை முடிந்தது. அப்புறம், அந்தக் காலத்தில் அணியின் எடுபிடிப் பையன்களும் உதவியாளர்களும் பெரிய வீரர்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது சகஜம். பந்தும் பழையது, மையும் பழையது, கையெழுத்து மட்டும் வேறு ஆளுடையது. தனக்கே தெரியாமல் எண்பது வருடமாகப் பொக்கிஷமாக வைத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

போலிக் கையெழுத்து ஒரு தொழிலாகவே நடந்திருக்கிறது. 1990களில் எஃப்.பி.ஐ. சான் டியேகோ பக்கம் 'ஆபரேஷன் புல்பென்' என்று ஒரு வேட்டை நடத்தியது. பிடிபட்ட சரக்கில் அன்னை தெரேசா கையெழுத்துப் போட்ட பேஸ்பாலும் இருந்தது. கல்கத்தாவில் அவர் கையில் யார் பேஸ்பாலைக் கொடுத்தார்கள் என்று வாங்க நினைத்தவருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

சான்றிதழ் இருந்தால் போதாதா?

சான்றிதழ் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். விற்பவரே அச்சடித்துக் கொடுத்த காகிதத்துக்கு மதிப்பு அந்தக் காகித விலைதான். பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற தனி நிறுவனங்களின் கருத்துக்குச் சந்தையில் மதிப்பு உண்டு. கருத்து என்று சொன்னதைக் கவனியுங்கள், கையெழுத்துப் போடும்போது அவர்களும் பக்கத்தில் இருந்ததில்லை.

புதிய பொருள்களில் இந்தத் தொல்லை குறைவு. பேட்ரெஸ் அணியின் டோனி க்வின், சொந்த அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்து விற்பதைப் பார்த்துவிட்டார். இப்படிப்பட்ட விஷயங்களெல்லாம் சேர்ந்து 2001இல் பெரிய லீக் தானே ஒரு சரிபார்ப்புத் திட்டம் தொடங்கியது. போலீஸில் வேலை பார்த்தவர்கள் ஆட்டத்தின்போதே மைதானத்தில் இருந்து, பொருளைக் கண்ணால் பார்த்து, எண்ணிட்ட ஹோலோகிராம் ஒட்டுவார்கள்.

பழைய ஜெர்சிகளுக்கு இப்போது புகைப்பட ஒப்பீடுதான் ராஜா. துணியின் கோடு, எழுத்து தைத்த இடம், ஒரு பொத்தானின் சாய்வு இவற்றைப் பழைய புகைப்படத்தோடு ஒப்பிடுகிறார்கள். 1932 உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில், சிகாகோவில், ரூத் கையை நீட்டிக் காட்டிவிட்டு அடித்ததாகச் சொல்லப்படும் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) இருக்கிறதே, அன்று அவர் போட்டிருந்த ஜெர்சி 2005இல் 9 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. புகைப்பட ஒப்பீடு வந்த பிறகு, 2024 ஆகஸ்டில், 2 கோடியே 41 லட்சம் டாலர். அதே துணி, அதே அழுக்கு. கூடியது நிரூபணம்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நம் ஊர்க் கடைகளில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு இருக்கிறதல்லவா, அதைத் துணியின் மேலும் காகிதத்தின் மேலும் காட்டுங்கள். நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய வெளுப்பான் அதில் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: அசல் பழைய துணியை யாராவது புதிய சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் பளிச்சிடும். தையல் நூலையும் தனியாகப் பாருங்கள்.

அருங்காட்சியகத்தில் இருப்பதாவது நூறு சதவீதம் அசல்தானே?

கூப்பர்ஸ்டவுனே ஒரு கட்டுக்கதையின் மேல் எழுந்த ஊர். 1839இல் அங்கேதான் ஆப்னர் டபிள்டே பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று ஒரு விசாரணைக் குழு 1907இல் முடிவு கட்டியது. ஆதாரம், ஒரு முதியவர் எழுதிய கடிதம். டபிள்டே அந்த ஆண்டு வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். 1930களில் பக்கத்துக் கிராமத்துப் பரணில் ஒரு கிழிந்த பழம்பந்து அகப்பட்டது. அந்த ஊர்ச் செல்வந்தர் ஸ்டீஃபன் கிளார்க் அதை 5 டாலருக்கு வாங்கி 'டபிள்டே பந்து' என்று காட்சிக்கு வைத்தார். நம் பாட்டிகள் மிதித்த சிங்கர் தையல் மெஷினின் பணம்தான் அந்தக் குடும்பத்துச் சொத்து. அந்தப் பந்தைச் சுற்றித்தான் 1939 ஜூன் 12இல் திறந்த ஹால் ஆஃப் ஃபேம் வளர்ந்தது. கதை பொய் என்று எல்லோருக்கும் தெரியும், பந்து இன்னும் அங்கே இருக்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஒரு பொய் எப்படி ஊரானது என்பதற்கு அது அசல் சாட்சிதானே.

ஷூலெஸ் ஜோ ஜாக்சன் என்ற பழைய வீரரின் 1919 ஜெர்சி விஷயம் அப்படியல்ல. புகழ்பெற்ற தனியார் சேகரிப்பிலிருந்து விலைக்கு வாங்கி அங்கே வந்தது. பிறகு சோதித்துப் பார்த்ததில் 1919இல் இல்லாத சாயம் அதில் இருந்தது.

ஹோனஸ் வாக்னர் அட்டை ஏன் அத்தனை விலை?

கோப்பைக்கு வந்தாலும் எல்லோரும் கடைசியில் அட்டையில்தான் நிற்பார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டுக்குள் வீரர்களின் பட அட்டை வைத்தது. வாக்னர் ஒத்துக்கொள்ளாததால் அவருடைய அட்டையைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் அட்டைக்காகச் சிகரெட் வாங்குவது பிடிக்கவில்லை என்பார்கள் சிலர், காசு தராததுதான் காரணம் என்பார்கள் சிலர். அறுபது சொச்சம்தான் மிச்சம். 2022இல் ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது.

அதில் மிக அழகான பிரதியை ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி 1991இல் கூட்டாக 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். ஓரங்கள் அத்தனை நேர்த்தி. 2013இல், அதை முன்பு கைமாற்றிவிட்ட ஏலக்காரர், ஓரத்தை வெட்டிச் சீர் செய்தது நான்தான் என்று நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டார். பழைய பொருள் அளவுக்கு மீறி அழகாக இருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் பயம் வருகிறது.

மைதானத்தில் என் கையில் விழுந்த பந்து எனக்குத்தானே?

ரசிகர் பகுதிக்கு வந்த பந்தை ரசிகர்கள் வைத்துக்கொள்ளலாம் என்பது நீண்டகால வழக்கம். தகராறு 'கையில்' என்ற சொல்லில் இருக்கிறது. 2001இல் பேரி பாண்ட்ஸ் அந்த ஒரே ஆண்டில் அடித்த 73ஆவது ஹோம் ரன் பந்தை ஒருவர் கையுறையில் பிடித்தார், கூட்டம் அவரை அமுக்கியது, பந்து நழுவி இன்னொருவருக்குக் கிடைத்தது. வழக்கு ஓராண்டுக்கு மேல் நடந்தது. விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் நீதிபதி. 4 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குத்தான் போனது, வக்கீல் செலவு போக என்ன மிஞ்சியிருக்கும்? வாங்கியவர் காமிக்ஸ் ஓவியர் டாட் மெக்ஃபார்லேன். அவரே 1999இல் மார்க் மெக்வயரின் 70ஆவது பந்துக்கு 30 லட்சம் டாலர் கொடுத்தவர். இரண்டே வருடத்தில் 70 என்ற சாதனை போய்விட்டது, பிற்பாடு மெக்வயர் ஊக்க மருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார். சாதனைப் பந்து வாங்குவது பங்குச்சந்தை மாதிரிதான். 2024இல் ஷோஹெய் ஓட்டானியின் 50ஆவது ஹோம் ரன் பந்து கிட்டத்தட்ட 44 லட்சம் டாலருக்குப் போயிருக்கிறது. பத்து வருடம் கழித்துப் பார்ப்போம்.

நம் பக்கத்துக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

கொழும்புக்கு உண்டு. 1888-89இல் ஆல்பர்ட் ஸ்பால்டிங் இரண்டு அமெரிக்க அணிகளைக் கூட்டிக்கொண்டு உலகத்தைச் சுற்றினார். பந்து, மட்டை விற்கும் அவருடைய கம்பெனிக்கு அது விளம்பரம். ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள் 1889 ஜனவரி 26இல் கொழும்பில் ஓர் ஆட்டம் ஆடினார்கள். அங்கிருந்து எகிப்து போய் பிப்ரவரி 9இல் பிரமிடுகளுக்குப் பக்கத்தில் ஆடி, ஸ்பிங்க்ஸ் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். திரும்பியதும் நியூயார்க்கின் டெல்மோனிக்கோ உணவகத்தில் பெரிய விருந்து, மார்க் ட்வைன் வந்து பேசினார். ஒன்பது இன்னிங்ஸாகப் பிரித்து அச்சடித்த அந்த விருந்தின் மெனு அட்டை இன்று மிக அரிய சேகரிப்புப் பொருள். கொழும்பு ஆட்டத்தின் நிகழ்ச்சித்தாளோ அழைப்பிதழோ எந்தப் பெட்டியிலாவது கிடக்கலாம் என்று ஓர் ஆசை. யாழ்ப்பாணத்து நண்பர்களைப் பார்க்கும்போதெல்லாம் தாத்தா வீட்டுப் பழைய காகிதங்களைக் கிளறச் சொல்கிறேன்.

இதுவரை பார்த்ததில் உங்களுக்கு மிகவும் பிடித்த கோப்பை?

லூ கெரிக்குக்கு 1939 ஜூலை 4இல் யாங்கீஸ் சகவீரர்கள் கொடுத்தது. நரம்பு நோயால் ஆட்டத்தை விட்டவருக்கு மைதானத்தில் பாராட்டு நாள். மேலே கழுகு, தாங்கி நிற்க மட்டைகள், ஒரு பக்கம் வீரர்களின் பெயர்கள், மறுபக்கம் பத்திரிகையாளர் ஜான் கியெரன் எழுதிய கவிதை. வெறும் 5 டாலர் பெறுமானம்தான் என்பார்கள். அன்றைய பரிசுகளைக் கையில் பிடித்து நிற்க அவருக்குத் தெம்பில்லை, வாங்கி வாங்கிக் கீழே வைத்தார். அவர் மனைவி பிற்பாடு அதை கூப்பர்ஸ்டவுனுக்குக் கொடுத்துவிட்டார். போனால் அதன் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

என் பிள்ளைகளுக்கு இதில் துளிகூட ஆர்வம் இல்லை. எனக்குப் பிறகு இவற்றை என்ன செய்வது?

இப்போதே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்: எங்கே, எப்போது, யாரிடம், எவ்வளவுக்கு வாங்கினீர்கள், அதைப் பற்றி என்ன கண்டுபிடித்தீர்கள். ரசீது இருந்தால் கூடவே வையுங்கள். சீட்டைப் பொருளின் மேல் ஒட்டாதீர்கள், தனி உறையில் போட்டு எண் கொடுங்கள். விலையுள்ளதை ஏலத்துக்கு அனுப்பலாம். ஊர்க் கோப்பைகளை அந்தந்த ஊரின் வரலாற்றுச் சங்கத்துக்கே எழுதிப் போடுங்கள். நான் அப்படி ஒன்றைக் கொடுத்தேன். அம்மா விபூதி போட்டுத் தேய்த்தாரே, அதையேதான். கைப்பிடி ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று அங்கே இருந்த பெரியவர் கேட்டார். சீட்டில் அதையும் எழுதியிருந்தேன், படித்துக் காட்டினேன்.